பக்கத்து நிரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மடுல்சீமைக்கு மேலே, பசறை பஸ் வந்து திரும்புகிற கடைசி வளைவுக்கும் மேலே, முக்கால் மணி நேரம் நடந்து ஏறினால் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், எங்கள் லயம். கல்யாணமாகி வந்த வருஷமே கொழுந்து மலையில் பேர் பதிந்தேன். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் ஓயாமல் பேசினேன். நடுநடுவே கொழுந்தும் பறித்தேன்.

பேசியதில் முக்கால்வாசி ஒரே ஆளிடம்தான். அவள் என் பக்கத்து நிரைக்காரி. தேயிலைச் செடிகளின் வரிசையை நாங்கள் நிரை என்போம். ஆளுக்கு ஒரு நிரை பிடித்துக்கொண்டு பறித்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் பதின்மூன்று பெண்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்பது மாறவே மாறாது. நான் மலைக்குப் போன முதல் நாள் அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரரை அவள் அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அவள் மதினியானாள். மற்றபடி சொந்தம் ஒன்றும் கிடையாது. அவள் வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவள். நான் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவள். சண்டை வந்தால் அவள் மாதாவைக் கூப்பிடுவாள், நான் மாரியைக் கூப்பிடுவேன், இரண்டு பேரும் வராததால் நாங்களே தீர்த்துக்கொள்வோம்.

நிரையில் பேசுவதில் ஒரு வசதி உண்டு. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கண் கொழுந்தில் இருக்கும், கை அதன் பாட்டுக்கு ஓடும், நடுவில் இடுப்புயரத்துக்குச் செடி. அந்தச் செடிக்கு மேலே எதை வேண்டுமானாலும் சொல்லலாம். என் இரண்டாவது கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது அதற்காக நான் அழுதது வீட்டில் இல்லை, நிரையில். அவள் புருஷன் குடிக்க ஆரம்பித்ததையும் அங்கேதான் கேட்டேன், அவன் குடியை விட்டதையும் அங்கேதான் கேட்டேன். காரணமே இல்லாமல் ஒருநாள் அவள், "எனக்கு இன்னைக்கு ரொம்ப சந்தோசமா இருக்கு மதினி, ஏன்னே தெரியலை" என்றாள். அதையும் அரைமணி நேரம் பேசினோம். நிரையில் பேசியதை லயத்துக்குக் கொண்டுபோவதில்லை என்பது எங்கள் கூட்டத்தின் கட்டுப்பாடு. என் வாய்கூட அதை மீறியதில்லை.

பொங்கல் முடிந்த வாரம், தோட்டத்தை நடத்துகிற தொரை என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். யாரையோ ஏதோ சொல்லித் தொலைத்திருக்கிறேன், இன்றைக்குப் பாட்டு கேட்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். தொரை தலையைத் தூக்காமல், "கங்காணிக்கு வயசு போயிருச்சு, வேலையில இருந்து நிக்கப் போறாரு. ஒன்னைப் போடலாம்னு நெனைக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்து சொல்லு" என்றார்.

எங்கள் மலையில் பெண் கங்காணி இருந்ததே இல்லை. பறிப்பது பெண்கள், பின்னால் நின்று கத்துவது ஆண். வேறு தோட்டங்களில் பெண்களைப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம், அது எங்கேயோ மழை பெய்கிறது என்கிற மாதிரிச் செய்தி. ஆபீஸ் படியில் இறங்கும்போது என் கால் தரையில் பாவவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாற்பத்து நாலு வயதில் யாராவது நம்மைப் பார்த்து நீ இதைச் செய்வாய் என்று சொன்னால் எப்படி இருக்கும்! பாதி வழி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் மதினியின் நினைப்பு வந்தது.

கூட்டத்தில் அவள் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவள். அவள் கை வேகத்துக்கு ஈடு கொடுக்க யாரும் இல்லை. எந்தச் செடி எப்போது துளிர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. கங்காணி என்றால் இப்போது போனில் பேர் போட வேண்டும், ஆபீசுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள், கணக்கில் கோட்டை விட்டாலும் எழுத வரும். அதனால் நான். நியாயமாகப் பார்த்தால் அவளுக்குப் போக வேண்டியது என்று எனக்குத் தோன்றியது. இதைச் சொன்னால் அவளுக்கு வலிக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், ஒரு வீட்டுக்கு என் பேச்சே போதும் என்பார். "ஒனக்கு விருப்பமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி. ஒன் மதினிகிட்ட சொல்லிட்டியா?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் நிரையில் கருவாடு விலை, டிவி நாடகத்தில் வந்த மாமியாரின் அட்டகாசம், பசறைக் கடையில் பார்த்த சேலை என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினேன். அதை மட்டும் மென்று விழுங்கினேன். அவளும் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். வெறும் "ம்".

அந்த வாரம் புதன்கிழமை எங்களுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. ஏதோ ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தாள். கொழும்புப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. தோட்டத்து மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, சுவரில் "மனம் திறந்து பேசுவோம்" என்று துணி கட்டியிருந்தாள். நாங்கள் பதின்மூன்று பேரும் இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய், கையை மடியில் வைத்து உட்கார்ந்தோம்.

"உங்கள் மனதில் இருக்கும் உணர்வுகளைத் தயங்காமல் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்றாள் மிஸ்.

முதலில் உட்கார்ந்திருந்தவள், "ஒன்னுமில்லைங்க" என்றாள். அடுத்தவளும் ஒன்னுமில்லைங்க. அதற்கடுத்தவள் யோசித்து, "அப்படி ஒன்னுமில்லைங்க" என்றாள். வட்டமாக உட்கார வைத்தால் எதிரில் ஒருத்தி, பக்கவாட்டில் ஒருத்தி, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண். கைக்கும் வேலை கிடையாது. சும்மா கிடக்கிற கையைப் பார்த்துக்கொண்டு மனதைத் திற என்றால் எப்படித் திறக்கும்? மிஸ் சளைக்கவில்லை. வண்ண அட்டைகளைக் கொடுத்து, இன்றைக்கு மனது எப்படி இருக்கிறதோ அப்படி ஒரு முகம் வரையச் சொன்னாள். பன்னிரண்டு பேர் சிரித்த முகம் வரைந்தோம். ஒருத்தி தேயிலைச் செடி வரைந்தாள். என் முறை வந்தது. மதினி நேர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கே வாயாடியான நானும், "ஒன்னுமில்லைங்க மிஸ்" என்றேன்.

கூட்டம் முடிந்து சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு எல்லோரும் இறங்கினோம். திரும்பிப் பார்த்தால் அந்தப் பிள்ளை தனியாக நின்று துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கிட்டே போய், "மிஸ், குறை நெனைக்காதீங்க. இங்க ஒக்கார வச்சா எங்களுக்குப் பேச்சு வராது. நாளைக்கு காலையில மலைக்கு வாங்க. காலுக்கு சப்பாத்து மட்டும் நல்லதா போட்டுட்டு வாங்க, அட்டை இருக்கு" என்றேன்.

வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்துவிட்டாள். மதினி தன் பழைய படங்குச் சாக்கை அவள் இடுப்பில் கட்டி, எனக்கும் தனக்கும் நடுவில் அவளை நிறுத்தினாள். ரெண்டு இலை, ஒரு மொட்டு, அதற்கு மேல் தொடாதே என்று காட்டிக்கொடுத்தாள். மிஸ் ஒரு கொழுந்து கிள்ளுவதற்குள் நாங்கள் ஒரு செடியை முடித்துவிடுவோம். அவள் நோட்டுப் புத்தகத்தை எடுக்கப் பார்த்தாள், மதினி, "கை ரெண்டும் செடியில இருக்கட்டும் மிஸ்" என்றாள்.

அரைமணி நேரம் ஆகியிருக்காது, மலை திறந்துகொண்டது. மேலே நின்ற ஒருத்தி, தன் மகள் வெளிநாட்டுக்குப் போனதிலிருந்து அவள் தலையணையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதைச் சொன்னாள். இன்னொருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் பசறைக்குப் போய்த் தையல் பழகுகிறாள், வீட்டில் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாளாம். "தையல்காரியாயி என்னா செய்யப் போறே?" என்று யாரோ கேட்டதற்கு, "மொதல்ல எனக்கு ஒரு ஜாக்கெட்டு ஒழுங்கா தைக்கணும். மத்தது பெறகு" என்றாள். வேறொருத்தி, "எனக்குக் கோவம் வந்தா சட்டியைப் போட்டு தேய்ப்பேன் மிஸ். என் வீட்டுக்காரரு வந்ததும் மொதல்ல சட்டியைத்தான் பார்ப்பாரு. பளபளன்னு இருந்தா, அப்படியே திரும்பி வெளிய போயிருவாரு" என்றாள். மலையே சிரித்தது. மிஸ்ஸுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது.

சிரிப்பு அடங்கியதும் அவள் மதினி பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே?"

மதினி கையை நிறுத்தவில்லை. தலையையும் தூக்கவில்லை. "எனக்கு ஒரு வருத்தம் இருக்கு மிஸ்" என்றாள். "எனக்கு ஒரு கூட்டாளி இருக்கா. பத்தொம்போது வருசமா பக்கத்து நிரை. அவளுக்குக் கங்காணி வேலை வந்திருக்கு. ஆபீசு வழியா தோட்டம் பூரா தெரியும். கடைக்காரனுக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும். எங்கிட்ட மட்டும் சொல்லலை. கருவாட்டு வெலை சொல்றா."

எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நடுவில் நின்ற மிஸ்ஸுக்கு அந்தக் கூட்டாளி யார் என்று புரிந்து, இருந்த இடத்திலேயே பாதியாய்ச் சுருங்கிவிட்டாள்.

"மதினி, நான்..." என்றேன்.

"இரு. நான் மிஸ்கிட்ட பேசிட்டிருக்கேன். அவ ஏன் சொல்லலைன்னா, நான் வயிறெரிவேன்னு நெனைச்சிருக்கா. அதான் மிஸ் எனக்குத் தாங்க முடியலை. வேலை கெடைக்கலைன்னு இல்லை. என்னை இவ்வளவு சின்னவளா நெனைச்சுட்டாளேன்னு."

அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை. கை மட்டும் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தது. "தப்பு மதினி. பெரிய தப்பு. எனக்கு அந்த வேலையே வேணாம். நாளைக்குப் போய் வேணாம்னு சொல்லிடறேன்" என்றேன்.

அப்போதுதான் அவளுக்கு உண்மையான கோபம் வந்தது. "மாதாவே! வேணாம்னு சொல்லிப் பாரு, அதோட ஒனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. இத்தனை வருசம் பின்னாலயிருந்து ஆம்பளைங்க கத்துனதைக் கேட்டோம். ஒரு தடவை நம்ம ஆளு கத்தி நான் கேக்கணும்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நீ போயிட்டா பக்கத்து நிரையில யாருகிட்ட பேசுவேன்னு பயமாத்தான் இருக்கு. அதை என்னா செய்யறது? பயந்துகிட்டே இருக்க வேண்டியதுதான்."

அந்த நேரம் பார்த்து மிஸ் காலில் அட்டை ஏறி, அவள் போட்ட கூச்சலில் மூன்று நிரை தள்ளி நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். மதினி ஒரு கையால் அட்டையைப் பிடுங்கி எறிந்தாள், இன்னொரு கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். மிஸ் அன்றைக்குப் பறித்ததில் பாதி முற்றல் இலை. அதையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் கொழுந்து நிறுவைக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை போய்ச் சம்மதம் சொன்னேன்.

திங்கட்கிழமை நான் கங்காணி. விடிகாலைப் பெரட்டில் எல்லோரும் வந்து நிற்பார்கள், அங்கேதான் அன்றைக்கு எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துவிடுவது. என் வீட்டுக்காரரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையில் போனும் குடையுமாகப் போய் நின்றேன். எப்படிப் பேசுவது என்று யோசித்திருக்கவில்லை. வாயைத் திறந்ததும் பழைய கங்காணியின் சத்தம் வந்தது. "ஏய், என்னா வேடிக்கை? நடங்க, நடங்க!" யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அது சின்னப் பிழை. பெரிய பிழையை மலையில் செய்தேன்.

எங்கள் கூட்டத்தில் நிரைக்கு ஒரு முறை உண்டு. ஆள் வரிசை மாறாது, தொடங்குகிற இடம் தினமும் ஒன்று தள்ளும். பாதையோரத்து நிரை நல்ல நிரை. தரை சமமாக இருக்கும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்துக்குப் பக்கம். ஓடைப் பக்கத்து நிரை சனியன் பிடித்தது. காலுக்குக் கீழே சேறு, அட்டை, செடியும் சொத்தை. இன்று ஓடைப் பக்கம் நின்றவள் நாளை பாதைப் பக்கம் வருவாள். யாரும் எழுதி வைத்தது இல்லை, ஆனால் பதின்மூன்று பேருக்கும் நேற்று யார் எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். பழைய கங்காணி எங்களை வாய்க்கு வந்தபடி ஏசுவார், ஆனால் முறை தவறியதில்லை.

கடைசியாகப் பறித்த நாளில் ஓடையோரம் நின்றவள் கைப்பிள்ளைக்காரி. ஐந்து மாதக் குழந்தையை மடுவத்தில் விட்டுவிட்டு வருகிறவள், இடையில் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும். திங்கட்கிழமை பாதையோரம் அவளுக்கு. எனக்கும் தெரியும். ஆனாலும் என் மனதில் மதினிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரே அரிப்பு. கங்காணி ஆனதும் அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அந்த ஒரு நிரைதான். "மதினி, நீ பாதையோரம் புடி" என்றேன். கைப்பிள்ளைக்காரிக்கு மறுபடியும் ஓடையைக் காட்டினேன்.

கைப்பிள்ளைக்காரி என்னைப் பார்த்தாள்.

"என்னாடி?" என்றேன்.

"ஒன்னுமில்லைங்க கங்காணி" என்றாள்.

போன வாரம் வரைக்கும் அவளுக்கு நான் அக்கா. என் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவள். ஒரே காலையில் அக்கா போய்விட்டது, கங்காணி வந்துவிட்டது, கூட ஒரு "ங்க"வும் வந்துவிட்டது. மண்டபத்தில் அந்த மிஸ்ஸுக்கு எங்கே வலித்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மதினி பாதையோரத்துக்குப் போகவில்லை. "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. இது அந்தப் புள்ளையோட நிரை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு நேரே ஓடைப் பக்கம் இறங்கிவிட்டாள். கைப்பிள்ளைக்காரியும் பாதையோரம் போய்விட்டாள். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடுவில் நின்றேன். பதின்மூன்றாவது ஆள் இல்லாத என் பழைய நிரை சும்மா கிடந்தது.

அன்றைக்கு மலை பேசவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஓடை ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். நான் கிட்டே போனதும் ரொட்டியை மும்முரமாக மென்றார்கள். மதினி மேலே ஏறியே வரவில்லை. கீழேயே நின்றுகொண்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவள்கள் என்ன பெரிய இவள்களா, ஒரு நாள் ஒரு நிரைக்கு இந்த ஆட்டமா என்று. கோபம் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. அதற்குக் கீழே இருந்தது வெறும் பயம். இந்த வேலையில் எனக்கு ஒரு கூட்டாளிகூட மிச்சம் இருக்கப் போவதில்லை என்கிற பயம்.

தொப்பியைக் கழற்றிக் கிளையில் மாட்டினேன். யாருடையதோ ஒரு படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டு, சும்மா கிடந்த என் நிரையில் இறங்கினேன். கங்காணி கொழுந்து பறிப்பது வழக்கம் கிடையாது. நான் தலையைக் குனிந்துகொண்டு செடியிடம் பேசுகிற மாதிரி, "சொல்லுங்கடி. நான் பார்க்கலை. கையும் வேலையில இருக்கு" என்றேன்.

பிறகு மேலேயிருந்து ஒரு குரல், "காலையில பெரட்டுல கத்துனீங்களே, அது ஒங்க சத்தமே இல்லை."

"தெரியும்" என்றேன்.

"அந்தத் தொப்பியும் நல்லா இல்லை."

"அதுவும் தெரியும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பாதையோரத்திலிருந்து கைப்பிள்ளைக்காரி பேசினாள். "எனக்குக் கோவம் வந்துச்சுக்கா. மறுபடி ஓடைன்னதும் அழுகையே வந்துருச்சு. மாரு ரெண்டும் கட்டிக்கிட்டு வலிக்குது, எப்படி ஓடியாந்து பால் குடுக்கறதுன்னு. நீங்க போயி இப்படி செஞ்சுட்டீங்களேன்னு."

அக்கா திரும்பி வந்துவிட்டது. ஏச்சோடு வந்தாலும் எனக்கு அப்படி இனித்தது. "எம்மேலதான் தப்பு தங்கச்சி. மன்னிச்சுக்க. முறை இனி மாறாது" என்றேன். ஒரு கங்காணி மன்னிப்புக் கேட்டு அந்த மலை அதுவரை கேட்டதில்லை. அதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. போனை முகத்துக்கு நேராக நீட்டிப் பேர் கேட்டேனாம், பொலிஸ் மாதிரி இருந்ததாம். நடக்கிற நடைகூட மாறிவிட்டதாம். ஒருத்தி அந்த நடையை நடந்து காட்டினாள். நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மத்தியானத்துக்குள் என்னை உரித்துத் தொங்கவிட்டுவிட்டார்கள். அவ்வளவு ஏச்சு வாங்கிவிட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த நாளும் வீட்டுக்கு வந்ததில்லை.

ஆனால் மதினி ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுவை முடிந்ததும் யாருக்கும் காத்திருக்காமல் போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்கிற நேரம் நான் அடுப்பில் பருப்பை வைத்திருந்தேன். வாசலில் நிழல் தட்டியது, மதினி. பொதுவாக அவள் வந்தால் முருங்கைக் கீரையை இழுத்து வைத்து ஆய்வாள், அல்லது என் துணியை மடிப்பாள், அப்படியே பேச்சு போகும். அன்றைக்கு எதையும் தொடவில்லை. எனக்கு நேர் எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை கிட்டத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"நாளைக்கு எனக்கு லீவு வேணும் கங்காணி" என்றாள்.

கேலியோ என்று பார்த்தேன். கேலி இல்லை.

"என்னாச்சு மதினி?"

"ரெண்டு மாசமா வராம இருந்துச்சு. வந்து இன்னைக்கு ஒம்போது நாளு. நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு ரொம்பப் போயிருச்சு. அதான் தேத்தண்ணிக்கு மேல ஏறி வர முடியலை."

அந்த உடம்போடு அவள் ஓடைச் சேற்றில் நாள் முழுக்க நின்றிருக்கிறாள். நான் முறை தவறியதைச் சரிசெய்வதற்காக நின்றிருக்கிறாள். "காலையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"கங்காணிகிட்ட சொல்ற விசயமா அது? எனக்கே ஞாபகம் வரலை, நீதான் கங்காணின்னு. கீழ நிக்கும்போதுதான் தோணுச்சு, அட, இனிமே சொல்லலாமேன்னு." அதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. மறுநாள் காலையில் பெரட்டில் ஆளை அனுப்பிவிட்டு நானும் அவளும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிடுவது என்று முடிவு செய்தோம்.

இதை வாசிக்கிற ஆண்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மாதத்தில் அந்த நாட்களில் முடியாமல் போனால் நாங்கள் பெரட்டில் சொல்வது காய்ச்சல். கங்காணியும் ஆண், கணக்கப்பிள்ளையும் ஆண், வேறு என்ன சொல்வது? பத்தொன்பது வருஷத்தில் எங்கள் கூட்டத்துக்கு வந்த காய்ச்சலை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் இந்த ஊவா மாகாணத்தையே கம்பளி போர்த்திப் படுக்க வைக்கலாம். "நாளைக்கு காய்ச்சல்னு சொல்லிக்கவா?" என்று பழக்கத்தில் கேட்டேன். மதினி எழுந்து நின்று, "எனக்கு எங்க காய்ச்சல்? நெத்தியைத் தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். குளிர்ந்துதான் இருந்தது.

மறுநாள் பெரட்டு. தொப்பி இல்லாமல் போனேன். கணக்கப்பிள்ளை வந்து பேர் பார்த்தார். மதினி பேர் வந்ததும், "அவ எங்க?" என்றார்.

"வீட்டுல இருக்கா. மாசவெலக்குங்க. ரொம்பப் போகுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

நான் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னேன். செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போகிற ஆண்கள் கத்தியைத் தடவிப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை நல்ல மனுஷர், முகத்தில் ஈயாடவில்லை. குரலைத் தாழ்த்தி, "காய்ச்சல்னு போட்டுக்கவா?" என்றார்.

"வேணாங்க. உள்ளதையே போடுங்க."

அவர் போனில் எதையோ தட்டினார். பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் சரிதான் செய்தேனா, மதினியைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேனா என்று குழம்பினேன். அப்போது தையல் பழகுகிறவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். தலையைக் குனியவில்லை, என்னை நேராகப் பார்த்து, "கங்காணி அக்கா, எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாள். ஏத்தம் ஏற முடியாது, கீழ் மலையில போடுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கையைத் தூக்கினாள்.

எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு ஒருத்திக்கும் காய்ச்சல் இல்லை.